மாடியில் இருந்த பெரிய கணக்கு

என் வயசுக்காரிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டாலும் கேட்கலாம், எனக்கொன்றும் கோபமில்லை. பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரிடம் "இது அனுமந்தை போவுமாங்க?" என்று கேட்டுவிட்டு ஏறுகிறீர்களே, உங்களுக்கு. கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டை விரலை நீட்டிவிட்டு, அந்த மையைப் புடவைத் தலைப்பில் துடைப்பதா தலைமயிரில் துடைப்பதா என்று முழிக்கிறீர்களே, உங்களுக்கு. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி செல்போனில் தட்டுகிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் படிக்கக் கஷ்டமாக இருக்கும் என்று அவளாகவே புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இவளைப் பிளஸ் ஒன்னில் சேர்க்கப் போனோம். என் மகனுக்கு அன்றைக்கு உப்பு லோடு. மருமகளுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அதனால் நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். என்னென்ன குரூப் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்ததாம். இவள் படித்தாள். பயோ மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ், அப்புறம் தொழில் பிரிவு என்று அதில் ஒரு நாலைந்து. ஓட்டலில் சர்வர் இட்லி, பொங்கல், பூரி என்று ஒரே மூச்சில் சொல்வானே, அப்படி இருந்தது. எனக்கு ஒரே குஷி. இன்னொரு தடவை சொல்லு என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டபோது, "ஆயா, நீங்க சேரப் போறீங்களா, நான் சேரப் போறேனா?" என்றாள்.

இவள் கம்ப்யூட்டர் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள். அதில் கணக்கும் சேர்ந்தே வருமாம். சேர்க்கைப் பாரம் எழுதும் நேரத்தில் நான் வராந்தாவில் நடந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் ஜன்னல் பக்கம்தான் கால் போகும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பலகை முழுக்கக் கோடும் வட்டமுமாகப் போட்டு ஒரு மிஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கணக்குதான் என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளே தலைகளை எண்ணினேன். எண்ண மட்டும் எனக்குத் தெரியும். பொண்ணுங்கள் முப்பத்தொன்று. பையன்கள் பதினாலு பேர், பின்னாடி நாலு பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் பழசு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சொன்ன ஒரு பேச்சு. பொய்கூட இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கும். என் அக்கா எட்டாவது பாஸ் செய்த கையோடு பெரிய மனுஷியாகிவிட்டாள். எங்கள் உப்பளக் குடிசைகளில் அதுவரை பெரிய மனுஷியான பெண் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. காதில் தோடும் கையில் உப்பு வாரும் பலகையும் கொடுத்து அளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். என் அப்பா அப்படிச் செய்யவில்லை. "என் பொண்ணு பதினொண்ணாவது வரைக்கும் படிப்பா" என்று பாத்தி மிதிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பதினொன்றாவதோடு பள்ளிக்கூடப் படிப்பு முடிந்துவிடும். பெரியப்பா சும்மா இருப்பாரா?

"ஏம்பா, படிச்சிட்டு என்னா, உப்பள மொதலாளியா ஆகப் போறாளா?"

"ஆனா உனக்கு நல்லதுதானே. கூலி கூட்டிக் கேக்கலாம்" என்றார் அப்பா.

ஆனால் பள்ளிக்கூடம் இரண்டரை மைல். வீட்டை விட்டால் உப்பளத்து மண் சாலை, அதில் லாரிகள், லோடு ஏற்றும் ஆட்கள், அப்புறம் ஒரு மைலுக்கு ஒரு பனைமரம்கூட இல்லாத வெட்டவெளி. பெரிய மனுஷியான பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. துணை வேண்டும். அம்மாவுக்குத் தலைச்சுமை வேலை. எனவே துணைக்கு நான்.

நான் அப்போது எங்கள் குடிசைகளுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது முடித்திருந்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். "ஒரு வருஷந்தானே, அப்பறம் சேத்துக்கலாம்" என்றார்கள். சிலேட்டை அம்மா பரணில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சிலேட்டை நான் பார்க்கவில்லை. மழையில் கூரை ஒழுகிய ஒரு வருஷம் பரணில் இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டார்கள், அதோடு போயிருக்கும். எழுத்தும் அப்படித்தான் போனது, ஒவ்வொன்றாக. கடைசியாகப் போனது எந்த எழுத்து என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

தினமும் விடிந்ததும் கிளம்புவோம். அக்கா முன்னால் போக மாட்டாள், நானும் முன்னால் போக மாட்டேன். கை கோத்துக்கொண்டு ஒன்றாகத்தான். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். வெயில் ஏற ஏறக் கண்ணைத் திறக்க முடியாது. உப்பு அம்பாரங்களுக்கு ஓலை போட்டு மூடியிருப்பார்கள். காற்றில் அந்த ஓலை படபடவென்று அடித்துக்கொள்ளும். உதட்டை நக்கினால் கரிக்கும். அக்கா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நடந்தபடியே வரப்பு மண்ணில் கோடு இழுப்பாள். "இந்தப் பாத்தி இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம். தண்ணி ஒரு விரக்கடை நிக்குது. அப்ப எத்தனை குடம் தண்ணி இருக்கும், சொல்லு?" என்பாள். எனக்கென்ன தெரியும்? "நூறு குடம்" என்பேன். எல்லாவற்றுக்கும் நூறு குடம்தான். அவள் சிரித்துக்கொண்டே மனசுக்குள் போட்டு ஒரு கணக்குச் சொல்வாள். அது சரியா தப்பா என்று பார்க்க அந்த வெட்டவெளியில் யாரும் இல்லை. அவளுக்கு அது போதும்.

பள்ளிக்கூட வாசலில் என் கையை விடுவாள். அவள் உள்ளே, நான் வெளியே. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் சோற்றுத் தூக்கு. மத்தியானம் அக்கா வருவாள், இரண்டு பேரும் சாப்பிடுவோம், மறுபடியும் போய்விடுவாள்.

தனியாக இருப்பது என்றால் உங்களுக்கெல்லாம் என்ன தோன்றும் என்று தெரியாது. வீட்டுக்காரர் போன பிறகு இருக்கிற தனிமையை நான் பார்த்துவிட்டேன், அதுகூட இப்படி இல்லை. முந்நூறு பிள்ளைகள் சத்தம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது வேறு. உள்ளே எல்லாரும் ஒரே குரலில் என்னவோ சொல்வார்கள், நானும் வாயசைப்பேன். வாத்தியார் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாமல் நானும் சிரிப்பேன். என் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வரும். மணியடிக்கிற பியூன் என்னைப் பார்த்து, "இன்னா மரத்தடி அம்மா, இன்னிக்கி என்னா பாடம்?" என்பார். அவர் நல்லவர்தான். ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் கேட்க மாட்டார்.

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே என் ஜோடிகள் வேறு விளையாட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மரத்தடி இல்லை, எனக்கு ஒரு வகுப்பு இல்லை. கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் பாட விஷயம் வருகிறது. அந்தக் காலத்தில் ஒன்பதாவதில் பாடம் பிரிப்பார்கள். தமிழ், இங்கிலீஷ் எல்லாருக்கும் உண்டு. அதுபோக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய கணக்கு ஒன்று. அதை எடுத்தால் மேலே காலேஜில் எந்தப் படிப்புக்கும் போகலாம் என்றார்கள். சின்னக் கணக்கும் தையலும் சேர்ந்தது இன்னொன்று. பெரிய கணக்கு, சின்னக் கணக்கு என்பதெல்லாம் பிள்ளைகள் வைத்த பேர். உண்மையான பேர் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். ஆனி மாசம் முழுக்க இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கலாம். மாசக் கடைசியில் வீட்டில் காட்டி, பாரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதினால் எழுதினதுதான். பிறகு மாற்ற முடியாது.

தையல் வகுப்பு எங்கே நடந்தது தெரியுமா? தூங்குமூஞ்சி மரத்துக்கு எதிரே ஒரு கொட்டகையில். இடுப்பளவு சுவர்தான். பெண்பிள்ளைகள் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தையல் டீச்சர் குள்ளமாக, ரவிக்கையில் எப்போதும் இரண்டு ஊசி குத்திக்கொண்டு இருப்பார்கள். முதல் நாளே சுவருக்கு மேல் தெரிந்த என் தலையைப் பார்த்துவிட்டார்கள்.

"யாருடி அது, சுவத்து மேல பூசணிக்காய் வெச்ச மாதிரி?"

"என் தங்கச்சி டீச்சர். துணைக்கு வந்திருக்குது" என்றாள் அக்கா.

"துணைக்கு வந்தவ வெயில்ல காயணுமா? உள்ள வாடி."

நான் உள்ளே போன நாள் அது. பாயில் உட்கார்ந்தேன். ஒரு துண்டுத் துணியும் ஊசியும் கொடுத்தார்கள். ஓட்டுத் தையல், மடிப்புத் தையல், ஒட்டுப் போடுவது எல்லாம் பார்த்துப் பார்த்து வந்துவிட்டது. காஜா எடுப்பது, அதாவது பொத்தான் போடுகிற ஓட்டையைச் சுற்றி நூலால் கட்டுவது, அதுதான் கஷ்டம். அக்காவுக்குச் சுத்தமாக வராது. நூலைச் சிக்கலாக்கிவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். எனக்கு அது எறும்பு போகிற மாதிரி வரிசையாக வரும். ஒருநாள் அவளுடைய தையல் நோட்டில் ஒட்ட வேண்டிய காஜாவை நானே போட்டுக் கொடுத்தேன். "யாருக்கும் சொல்லாதடி" என்றாள். யாரிடம் சொல்லப் போகிறேன், பியூனிடமா?

பெரிய கணக்கு வகுப்பு மாடியில். அந்தப் பள்ளிக்கூடத்தில் மாடி என்று இருந்தது அந்த ஓர் அறைதான். படிக்கட்டில் பியூன் நிற்பார். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் கம்பியும் ஆகாசமும் தெரியும், வேறொன்றும் தெரியாது. சத்தமும் இறங்கி வராது. அக்கா மாடிக்குப் போன நேரமெல்லாம் எனக்கு அவள் வேறு ஊருக்குப் போன மாதிரி. ஆனால் இறங்கி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மன் கோயிலில் சாமி வந்து இறங்கியவள் முகம் மாதிரி வேர்த்து, மினுக்கிக்கொண்டு, கண்ணெல்லாம் எங்கேயோ இருக்கும். தையல் கொட்டகையில் அவளுக்கு அந்த முகம் வந்ததே இல்லை.

"நான் பெரிய கணக்குத்தான்டி எடுக்கப் போறேன். அப்பா சரின்னு சொல்லுவாரா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவாள்.

"சொல்லுவாரு" என்பேன். சொல்லிவிட்டு, அப்புறம் நான் எங்கே உட்காருவது என்று நினைப்பேன்.

கணக்கு வாத்தியார் அக்காவை விட்டுவிட மனசில்லாமல் ஒரு சனிக்கிழமை எங்கள் அளத்துக்கே வந்துவிட்டார். சைக்கிளை மேட்டில் சாய்த்துவிட்டு, அப்பா நிற்கிற இடத்தைப் பார்த்து நேராக நடந்தார். வரப்பில் நடந்திருக்கலாம். மனிதர் பூட்ஸ் காலோடு பாத்திக்குள் இறங்கிவிட்டார். உங்களுக்குத் தெரியும், பாத்தித் தரையை நாள் கணக்காகக் காலால் மிதித்து மிதித்துத்தான் கல்லு மாதிரி ஆக்குவார்கள். அதில் பூட்ஸ் குதி பதிந்தால் சேறு கிளம்பி உப்பெல்லாம் கறுத்துவிடும். நாலா பக்கமும் ஒரே கூச்சல். "யோவ்! யோவ்! ஏறுய்யா மேல!" அவர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார், இன்னும் நாலு குழி. பெரியப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பாதான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். வாத்தியார் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"உங்க பொண்ணு மாதிரி கணக்குப் போடுற பிள்ளை எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லைங்க. தையல்ல போட்டு வீணாக்கிடாதீங்க. நான் கால்ல விழுந்து வேணும்னாலும் கேக்கறேன்."

"ஐயையோ, நீங்க விழவே வேணாங்க. இன்னும் ரெண்டு பாத்தி போயிடும்" என்றார் அப்பா. வாத்தியாரே சிரித்துவிட்டார். போகும்போது வரப்பில் நடந்து போனார், பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பாத்தியை அப்பா மறுபடியும் இரண்டு நாள் மிதித்தார். "வாத்தியாரே வந்து கேட்டுட்டாரு, அப்பறம் என்னா" என்று மிதித்துக்கொண்டே சொன்னார். அக்கா அன்றைக்கு அம்மாவிடமிருந்து உப்புக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு தானே நாலு நடை தூக்கினாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு உடம்பு சும்மா இருக்காது.

பாரம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உப்பளத்துக் கணக்கப்பிள்ளையிடம் மை டப்பா வாங்கி வந்திருந்தார். பாரத்தில் இரண்டு கட்டம். மேல் கட்டம் கணக்கு, கீழ்க் கட்டம் தையல் என்று அக்கா காட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா விரலை மையில் வைத்தார். வைத்தவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தினமும் கண்ணால் பார்த்துவிட்டு வருகிற ஆள், அக்காவை விட்டால் நான்தானே.

"ஏம்மா, நீதான் தெனம் கூடப் போறியே. அந்தப் பெரிய கணக்கு கிளாசு எப்படி இருக்குது? நல்லாருக்குதா?"

அப்பா என்னிடம் ஒரு யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவும் அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தையல் கொட்டகையும் பாயும் ஊசியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. மாடிப் படிக்கட்டு வந்தது. வருஷம் முழுக்க அந்த மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பது வந்தது.

"அது மாடியில இருக்குதுப்பா. என்னை ஏற வுட மாட்டாங்க. அங்க எல்லாம் பசங்கதான். அக்கா ஒருத்திதான் பொண்ணு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அத்தனையும் நிஜம். அந்த வகுப்பில் இருபது முப்பது பையன்கள், அவள் ஒருத்திதான் பெண். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மை உலர்ந்துவிட்டது. மறுபடியும் மையில் வைத்து, கீழ்க் கட்டத்தில் அழுத்தினார். "தையல்னா ஒரு மிஷின் வாங்கிக் குடுத்துடலாம். கௌரவமா பொழைச்சிக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். பெரிய மனுஷியான பெண்ணைப் படிக்க அனுப்புகிற அளவுக்குத் துணிந்த மனிதர். ஊரே அவரைப் பற்றிப் பேசியது. அந்தத் துணிச்சல் கீழ்த்தளம் வரைக்கும்தான் வந்தது. மாடி ஏறவில்லை.

அக்கா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். பாரத்தைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பாரத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி முன்னால் நடந்தாள். வரப்பில் கோடு இழுக்கவில்லை. நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் சேர்ந்தால், அவள் நடை வேகமாகும். அந்த வெட்டவெளியில் இரண்டு பேர் தனித்தனியாக நடந்ததைத் தூரத்தில் இருந்து யாராவது பார்த்திருந்தால், ஒருத்தருக்கு ஒருத்தர் துணை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, எனக்காவது கொட்டகை கிடைத்ததா? அதையும் கேளுங்கள். பாரம் கொடுத்த இரண்டாவது வாரம் மேலிருந்து யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். பேர்ப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கக் கூடாது. டீச்சர் என் தலையைத் தடவி, "அவரு போனதும் வாடி" என்றார்கள். அதிகாரி வந்தார், போனார். டீச்சர் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நானாகப் போய்ச் சுவரோரம் நின்று பார்த்தேன். எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டீச்சரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

திரும்ப மரத்தடிக்கே வந்தேன். ஐப்பசி வரைக்கும் அப்படியே. மழை வந்து பாத்தியெல்லாம் கரைந்து, கழுவெளி ஏரி ரொம்பி, சாலையே தெரியாமல் போகிற வரைக்கும்.

ஒரு வருஷம் என்றது மூன்று வருஷமானது. அக்கா பதினொன்றாவது முடித்தபோது நான் அவள் தோள் உயரம் வளர்ந்திருந்தேன். என்னை மறுபடியும் எந்த வகுப்பில் சேர்ப்பது? மூன்றாவதில் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். அளத்துக்குப் போனேன். அக்காவுக்குக் கணக்கு டீச்சராக ஆசை. விசாரித்த இடத்தில், என்ன பாடம் எடுத்தாய் என்று கேட்டார்கள். தையல் என்றாள். அதை வைத்துக் கணக்கு டீச்சர் ஆக முடியாது என்றார்கள். கொஞ்ச வருஷத்தில் பாடத்தையே மாற்றிவிட்டார்கள். பத்தாவதோடு பெரிய பரீட்சை, அதற்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ. பெரிய கணக்கு சின்னக் கணக்கு என்றெல்லாம் கிடையாது, பத்தாவது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே கணக்கு, பொண்ணுங்களுக்கும் சேர்த்து. தையல் கொட்டகையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்தார்கள். "கெஞ்சிக் கேட்டவளுக்குக் குடுக்கல. இப்ப வேணாம்னு அழுவுறவளுக்கெல்லாம் கட்டாயமாம்" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

அவளைக் கோட்டக்குப்பம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே தையல் கடை வைத்துவிட்டாள். வெளிநாட்டில் ஆம்பளைகள் வேலை பார்க்கிற வீட்டுப் பெண்களெல்லாம் இன்றைக்கும் அவளிடம்தான் துணி கொண்டுவருகிறார்கள். ஆளைப் பார்த்தாலே போதும், டேப்பைத் தொடாமல் இத்தனை மீட்டர், இத்தனை பாயிண்டு என்று சொல்லிவிடுவாள். நான் போகும்போதெல்லாம் அனுமந்தையில் இறங்கி, நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போவேன். வெறும் கையோடு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

அந்த முப்பத்தொரு பெண்களை எண்ணிவிட்டு வந்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன், கருவாட்டோடு. அக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில்.

"என்னடி, போன வாரந்தானே வந்த? அதுக்குள்ள இன்னொரு பொட்டலமா?"

பேத்தி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். அப்பா கேட்டது, நான் சொன்னது, ஏன் சொன்னேன் என்பது, எல்லாம். சொல்லும்போது எனக்கு மறுபடியும் ஒன்பது வயசு. அவள் பெடலை நிறுத்தாமல் ஒரு ரவிக்கைக் கையை ஓட்டி முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"இதுக்குத்தானா இத்தனை வருசமா கருவாடு?"

"அக்கா, விளையாடாத."

"எனக்குத் தெரியும்டி. நான் குடத்தோட வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். எல்லாம் காதுல விழுந்துது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். "அப்ப ஏன் ஒரு நாளும் என்னைக் கேக்கல?"

"என்னான்னு கேக்கறது? நீ சொன்னது நெசம்தானே." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "நானும் ஒண்ணு சொல்றேன், கேளு. உன்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தி எனக்குத் துணைக்கு அனுப்புனாங்களே. அவளும் படிக்கட்டும்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா என்னையும் நிறுத்திடுவாங்கன்னு பயம். அந்த ஆபீசரு வந்துட்டுப் போன அப்பறம் நீ சுவத்துக்கிட்ட வந்து நின்ன பாரு, அப்ப வாயத் தொறந்திருக்கலாம். கோவம். தொறக்கல. நீ ஒரு நாள் பேசுனதுக்கு இத்தனை கருவாடு குடுத்த. நான் மூணு வருசம் பேசாம இருந்ததுக்கு உனக்கு என்னாத்தடி குடுக்கறது?"

எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டில் துழாவினாள். பழைய நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். அட்டை இல்லை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. தையல் நோட்டு. பக்கத்துக்கு ஒரு துண்டுத் துணி ஒட்டி, கீழே சிவப்பு மையில் மார்க். அந்தப் பாழாய்ப்போன நோட்டை அவள் எதற்கு வைத்திருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. பேத்திதான் அப்போது உள்ளே வந்து, வாங்கிப் புரட்டினாள்.

"ஆறு. அஞ்சு. ஆறு. ஆறு. பெரிய பாட்டி, நீங்க இவ்ளோ மோசமா?" என்றாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். "இது மட்டும் பத்துக்குப் பத்து. 'மிக நன்று'ன்னு எழுதியிருக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். துணி பழுப்பேறிவிட்டது. நடுவில் ஒரு பொத்தான் ஓட்டை. சுற்றிலும் நூல் எறும்பு வரிசையாக, இன்றைக்குப் போட்ட மாதிரி.

"அது உங்க ஆயா போட்டது. அதுக்குத்தான் நோட்டை வெச்சிருக்கறேன்" என்றாள் அக்கா.

பேத்திக்கு ஆச்சரியம். "அட! ஆயா, நீங்களும் அந்த ஸ்கூலா? சொல்லவே இல்ல? பெரிய பாட்டி தையல்னா, நீங்க என்னா குரூப்?"

மூன்று வருஷம் ஒரு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, வாத்தியார், டீச்சர், பியூன், அதிகாரி, ஒருத்தரும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. அக்கா எந்தப் பாடம் படிப்பது என்று ஒரு மாசம் முழுக்கப் பேசினார்கள். பக்கத்தில் தூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் மரத்தடி குரூப். அந்தக் குரூப்புல நான் ஒருத்திதான்டி பொண்ணு" என்றேன்.